மஞ்சள் சட்டையில் மகன்

நெப்ராஸ்காவின் நவம்பர் வெயில் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில், பார்வையாளர்களின் மேற்குப் படிகளில் சாய்ந்து விழுகிறது. பச்சைச் சட்டைக் கூட்டத்தில் லோவெலும் பச்சையில்தான் நிற்கிறார். முதுகில் மகன் கோல்பியின் எண், அதற்குமேல் குடும்பப் பெயர். கோல்பியோ கீழே எதிரணியின் மஞ்சள் சட்டையில், பந்தை இடுக்கிக்கொண்டு ஓடுகிறான். போன வருஷம் வரை இந்தக் கல்லூரியின் பச்சை அணிக்கு ஆடியவன். கல்லூரி மாறியதை அவன் அப்பாவிடம் சொல்லவில்லை, அவர் டி.வி.யில்தான் பார்த்தார். பக்கத்து இருக்கை மெர்ல் வேர்க்கடலையை உடைத்தபடி, "கட்சி மாறுறவனுக்கு ஓட்டுப் போடாதேன்னு தொண்டை கிழியக் கத்துவியே, லோவெல்! பிள்ளை வளர்க்கிறது எப்படின்னு எங்களுக்குப் பாடம் வேற எடுப்பியே!" என்று சிரிக்கிறார். "வாயை மூடிட்டு ஆட்டத்தைப் பாருய்யா" என்கிறார் லோவெல். அவர் கையிலுள்ள காபி ஆறிப்போய் ஏடு கட்டியிருக்கிறது. அந்த நொடியில் மூன்று பச்சைச் சட்டைகள் கோல்பியைச் சாய்க்கின்றன. தலைக்கவசம் தரையில் மோதும் சத்தம் படிவரை கேட்கிறது. மைதானமே எழுந்து ஆர்ப்பரிக்கிறது, முரசுகள் அதிர்கின்றன. கோல்பி அசையவில்லை. "எழுந்திருடா! கோல்பி, எழுந்திருப்பா!" அத்தனை ஆரவாரத்துக்கு நடுவே லோவெலின் குரல் தனியாக உடைகிறது. முன்வரிசைப் பெண் திரும்பி அவர் சட்டையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கிறாள். கோல்பி முழங்கையை ஊன்றி மெல்ல எழுகிறான். அப்பா எந்தப் படியில் நிற்பார் என்று அவனுக்குத் தெரியும். அந்தப் பக்கம் நிமிராமலே, ஓடி வந்த மஞ்சள் அணிப் பயிற்சியாளரின் தோளில் தலையைச் சாய்த்துக்கொள்கிறான்.