பத்து விரலிலும் ஒரே கோடு

அழகு நிலையத்தில் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தவள் இந்துமதி என்று தெரிந்ததும் சௌந்தரநாயகி முதுகை இன்னும் நிமிர்த்திக்கொண்டார். இருபது வருடமாகத் தன் கணவர் போய்வந்த வீட்டுக்காரி. அவர் இறந்த அன்று இவளை வாசல் கேட்டோடு நிறுத்தச் சொன்னவர் சௌந்தரநாயகிதான். ஊரார் முன்னால் குடும்பம் தலைகுனியக் கூடாதென்று, ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் நின்றவரும் அவர்தான்.

நகம் திருத்தும் பிளாரன்ஸ், இந்துமதியின் கைகளை விளக்கடியில் வைத்துப் பார்த்தாள். பத்து நகத்திலும் ஒரே உயரத்தில், குறுக்கே ஒரு பள்ளம் ஓடியது.

“கடுமையான காய்ச்சல் வந்துச்சாக்கா? இல்ல, பெரிய அதிர்ச்சி ஏதாவது? நகம் கொஞ்ச நாள் வளராம நின்னுருக்கு. மூணு மாசம் இருக்கும்.”

இந்துமதி தலையைக் குனிந்துகொண்டாள்.

அவர் போய் மூன்று மாதம்தான் ஆகிறது. தாலி கட்டிக்கொண்டவள் இங்கே இருக்க, அந்த நாள் இவள் விரலிலா பதிய வேண்டும்? சௌந்தரநாயகி பிளாரன்ஸ் பக்கம் திரும்பினார்.

“அதைத் தேய்ச்சு எடுத்துடும்மா. பார்க்க நல்லாவா இருக்கு?”

“தேய்ச்சா நகம் மெலிஞ்சிடும்மா. தானா வளர்ந்துதான் போகணும்.”

“இருக்கட்டும்” என்றாள் இந்துமதி, விரல்களை மடக்கிக்கொண்டு.

சௌந்தரநாயகி தன் கையை விளக்கடியில் நீட்டினார். பிளாரன்ஸ் ஒவ்வொரு நகமாகத் தடவிப் பார்த்தாள்.

“உங்களுக்கு ஒரு குறையும் இல்லம்மா. கண்ணாடி மாதிரி வழவழன்னு இருக்கு.”

சௌந்தரநாயகி கையை எடுக்கவில்லை.

“கட்டைவிரலை இன்னொரு தடவை பாரு” என்றார்.