அவருடையதல்லாத கத்தி

பழைய சாரணர் மடக்குக்கத்திகளைச் சேர்த்துவைக்கும் குழந்தைவேலுவின் வீட்டுக்கு ஒரு பெண் வந்தாள். மலையேறப் போய்த் திரும்பாத அவள் கணவனிடம் இப்படி ஒரு கத்தி இருந்ததாம். சந்தையில் அண்மையில் கிடைத்த, மான்கொம்புப் பிடி போட்ட கத்தியை அவர் எடுத்துக் கொடுத்தார். எவ்வளவு எண்ணெய் விட்டும் அவருக்கு அசைந்துகொடுக்காத டின் திறக்கும் அலகை, அவள் பிடியின் ஓரத்தை அழுத்தி ஒரே நெம்பில் திறந்தாள்.

"உங்க ஊட்டுக்காரரோடதுங்களா?"

"இல்லீங்க," என்றாள் உடனே. "அவரு வந்துருவாரு."

முகம்கூடத் தெளிந்துதான் இருந்தது. அப்புறம் அலகை மடக்கி, கத்தியைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள். கேட்பதா, விடுவதா என்று புரியாமல் குழந்தைவேலு அவளுக்கு முன்னால் போய்க் கதவைத் திறந்துவிட்டு நின்றார்.