இரண்டு விரற்கடை

காலை வெளிச்சம் ஸ்டூடியோவின் சிமெண்டுத் தரையில் ஒரு பாய் அளவுக்கு விழுந்திருக்கிறது. அதன் நடுவில் தச்சர் பழைய கேமரா ஸ்டாண்டை விரித்து நிறுத்துகிறார். அழுக்கைச் சுரண்டி எண்ணெய் தேய்த்த மரம் தேன் நிறத்தில் பளபளக்கிறது. உச்சியில், புதுக் கேமராவுக்காகப் பொருத்திய பித்தளைத் தட்டு. ஜன்னல் பக்கத்துக் கால் மட்டும் இத்தனை வருஷமாக இரண்டு விரற்கடை குட்டை. அதன் அடியில் இப்போது வெளிர் மரத்துண்டு ஒன்று திருகப்பட்டிருக்கிறது. ஸ்டூடியோக்காரரின் மருமகள் தட்டின் மேல் ரசமட்டத்தை வைக்கிறாள். குமிழி நடுவில் நிற்காமல் ஜன்னல் பக்கம் ஓடுகிறது. “மூணு காலும் ஒரே அளவும்மா. ஒரு நூல்கூட பிசகல” என்று தச்சர் டேப்பை இழுத்துக் காட்டுகிறார். நாற்காலியில் இருக்கும் மாமனாருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “தரைதான்யா அந்தப் பக்கம் மேடு. அதுக்குத்தானே அந்த ஒரு கால மட்டும் நானே அறுத்தேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?” தச்சர் திருப்புளியோடு குனிகிறார். “கழட்டிடவா?” மருமகள் ஸ்டாண்டின் காலைப் பிடித்துக்கொள்கிறாள். “இருக்கட்டும்ண்ணே. வெளிய போய் படம் எடுக்கறப்போ வேணும்.” “வெளிய எதுக்கும்மா? இங்கதான் வருவாங்களே” என்கிறார் மாமனார். “யாராவது வந்து எத்தன நாளாச்சு மாமா?” அவள் ஸ்டாண்டை மடக்கித் தோளில் சாய்த்துப் பார்க்கிறாள். கால்கள் வாசலை நோக்கி நீள்கின்றன. மாமனார் தரையைப் பார்க்கிறார். ஸ்டாண்டு இத்தனை வருஷமாக நகராமல் நின்ற இடத்தில் மூன்று சிறு குழிகள் இருக்கின்றன.