டக்கரை எப்படி எடுத்தீங்க?

"டக்கரை எப்படிங்க எடுத்தீங்க? முதல்ல அதைச் சொல்லுங்க!"

வந்தவள் கதவைக்கூடத் தட்டவில்லை. பூட்ஸில் ஒட்டியிருந்த பனி உருகித் தரையெல்லாம் ஈரம்.

கிரெட்சென் பெருமூச்சு விட்டாள். ஒஹாயோவில் அந்தச் சின்ன ஊர்ப் பள்ளிக்கு அவள் புதுசு. மூன்றாம் வகுப்பில் கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பொறுக்கித் தனி வகுப்பில் சேர்ப்பது அவள் பொறுப்பு. நேற்று பெயர்களை அறிவித்தாள். இன்று காலையிலிருந்து அம்மாக்கள் படையெடுப்பு.

"உட்காருங்க மேடம். டக்கர் பரீட்சையில தேறினான், எடுத்தோம்."

"அவனா? சட்டையைத் திருப்பிப் போட்டுக்கிட்டு வர்றவன் மிஸ் அவன்! போன வாரம் மூக்குக்குள்ள பட்டாணியைப் போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். பஸ்ல அவனுக்குக் கணக்கு சொல்லித் தர்றதே யாரெலிதான். அவளை ஏன் விட்டீங்க?"

'காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு' என்று கிரெட்சென் மனசுக்குள் சிரித்துக்கொண்டாள்.

"யாரெலிக்குப் பரீட்சையே வைக்கலையே."

"ஏன் வைக்கல?"

"யாராவது வந்து கேட்டாத்தான் வைப்போம்."

"நல்லா இருக்கே! அழுத பிள்ளைக்குத்தான் பாலா? அவ அப்பா கோழிக்கறி ஆலையில ரெண்டு ஷிஃப்ட் பார்க்கிறாரு. இப்படிக் கேட்கலாம்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

"டக்கரோட அம்மாவுக்குத் தெரிஞ்சுதே! அமைதியா ஒரு ஈமெயில் போட்டாங்க, முடிஞ்சுது. அவங்களைப் பார்த்துக் கத்துக்கணும்."

வந்தவள் முகம் சிவந்துபோனது.

"சரி, இப்ப நான் கேட்கிறேன். யாரெலிக்குப் பரீட்சை வைங்க."

"வகுப்புல இடம் நிரம்பிடுச்சு மேடம்."

"அப்ப டக்கரைத் தூக்கிட்டு அவளைப் போடுங்க!"

கிரெட்சென் சட்டென்று எழுந்துவிட்டாள்.

"பொறாமைக்கும் ஒரு அளவு வேணும். அடுத்தவ பெத்த பிள்ளை சோத்துல மண்ணைப் போடச் சொல்றீங்களே, உங்களுக்கு மனசாட்சி இருக்கா?"

"இருக்கறதாலதான் மிஸ் இங்க வந்து நிக்கறேன். அவளுக்குப் பரீட்சை வைக்காம நான் நகர மாட்டேன்."

சொன்னதோடு நிற்காமல் நாற்காலியில் அழுத்தமாக உட்கார்ந்தும் விட்டாள். கோட்டைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டாள். இவளைக் கிளப்ப போலீஸ்தான் வரவேண்டும் போலிருந்தது.

கிரெட்சென் மறுபடி உட்கார்ந்தாள். கேட்டவர்களின் பிள்ளைகளுக்கு மட்டும் பரீட்சை. யோசித்தால் அது அவளுக்கே உறுத்தியது.

"சரிங்க. டக்கரும் இருக்கட்டும். நான் மேலே பேசி இன்னொரு நாற்காலி போடச் சொல்றேன். வியாழக்கிழமை பரீட்சை. உங்க பொண்ணை நல்லாத் தூங்க வச்சு அனுப்புங்க."

வந்தவள் கோட்டை மாட்டிக்கொண்டே வாய்விட்டுச் சிரித்தாள்.

"எனக்குப் பொண்ணு ஏது மிஸ்? என்கிட்ட இருக்கறது ஒரே ஒரு வானரம். பேரு டக்கர்."