ரெண்டு வருஷம் என்ன பண்ணீங்க?

"ரெண்டு வருஷமா வேலையில்லாம இருந்திருக்கீங்க. வீட்டுல மல்லாந்து படுத்துக்கிட்டு டி.வி. பார்த்தீங்களோ?"

கியுசிக் இப்படிக் கேட்டதும் அறையில் சிரிப்புச் சத்தம் சட்டென்று நின்றது.

தென் கொரியாவில், தேஜோன் நகரத்து பேக்கரி ஒன்றின் மாடி அது. சனிக்கிழமைதோறும் மூன்று மணிக்கு அங்கே கூடுகிறவர்கள் எல்லோரும் நாற்பதைத் தாண்டாதவர்கள். எல்லோருக்கும் புற்றுநோய் வந்திருந்தது. கீமோ முடிந்து தலையில் முடி எட்டிப் பார்க்கிற அழகை வைத்து, தங்களுக்கு 'முளைப்பயறு சங்கம்' என்று பெயர் சூட்டிக்கொண்டவர்கள். அழுவதற்கென்று வந்து, கிம்பாப் சோற்றுச் சுருளைத் தின்று, வயிறு வலிக்கச் சிரித்துவிட்டுப் போகிற கூட்டம்.

அன்று தாசோமின் நாள். இருபத்தேழு வயது. ரத்தப் புற்றுநோயிலிருந்து மீண்டு, முதல் தடவையாக மனுப் போட்ட இடத்திலிருந்து செவ்வாய்க்கிழமை இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். வறுத்த கடற்பாசி விற்கிற கம்பெனி. பாக்கெட்டுக்கு டிசைன் போடுகிற வேலை. இருப்பது ஒரே ஓர் இடம்.

கம்பெனி பெயரைச் சொன்னதும் எல்லோரும் கை தட்டினார்கள். கியுசிக் மட்டும் தட்டவில்லை. கொஞ்ச நேரம் பார்லி டீயை உறிஞ்சிக்கொண்டிருந்துவிட்டு, "உட்காரு. நான்தான் மேனேஜர். கேள்வி கேக்கறேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டான்.

அவனுக்கு முப்பத்து நாலு. நோய்க்கு முன்னால் அவனும் டிசைனர்தான். இரைப்பையில் பாதியை ஆபரேஷனில் எடுத்துவிட்டார்கள். வாயை மட்டும் முழுசாக விட்டுவைத்திருந்தார்கள்.

"அது வந்து... உடம்பு சரியில்லாம..." என்று இழுத்தாள் தாசோம்.

"உடம்புக்கு என்ன?"

"கேன்சர்."

"ஓஹோ! மறுபடி வந்துச்சுன்னா உங்க வேலையை யார் செய்வா? நானா?"

தாசோமுக்குக் கண் நிறைந்தது.

"கல்யாணம் பண்ணிக்கிற உத்தேசம் உண்டா? இல்ல, அதுக்கும் டாக்டரைத்தான் கேக்கணுமா?"

அவ்வளவுதான். எழுந்து மாடிப்படிக்கு ஓடிவிட்டாள்.

சங்கத்தை ஆரம்பித்த யோன்வா பின்னாலேயே வந்தாள்.

"அக்கா, அவரும் கீமோ எடுத்தவர்தானே? வெளி ஆளு கேட்டாக்கூடப் பரவாயில்ல..."

"அவனை நான் பார்த்துக்கறேன். நீ மூக்கைத் துடை."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "அழுதாச்சா மேடம்? வாங்க, முதல்லேர்ந்து ஆரம்பிக்கலாம்!"

"நீங்கல்லாம் ஒரு மனுஷனா?" என்று கேட்டுக்கொண்டேதான் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

அதே மூன்று கேள்வி. அதே வரிசை. அதே நக்கல். "போதும்டா, விடுடா" என்று யோன்வா அதட்டியும் அவன் விடவில்லை. ஆறாவது தடவை தாசோமுக்கு அழுகை வற்றிப்போய்க் கோபம் வந்துவிட்டது.

"ஆமா சார், படுத்துத்தான் கிடந்தேன்! பன்னெண்டு தடவை கீமோ. வாந்தி எடுத்துக்கிட்டே பஸ் ஏறிப் போனேன். ஒரு நாள்கூட லேட்டாப் போனதில்ல. உங்க ஆபீசுக்கா லேட்டா வரப்போறேன்?"

அறையே விழுந்து விழுந்து சிரித்தது.

"இதைத்தான் சொல்லணும்" என்றான் கியுசிக். "கத்தாமச் சொல்லு. அந்த வாந்தியை மட்டும் விட்டுடு."

தாசோம் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். அவனிடம் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் இறங்கிப் போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை. கண்ணாடி போட்ட மேனேஜர் காகிதத்தைப் புரட்டினார்.

"ரெண்டு வருஷமா வேலையில்லாம இருந்திருக்கீங்க. வீட்டுல ஜாலியா டி.வி. பார்த்துக்கிட்டிருந்தீங்களோ?"

தாசோமுக்கு ஒரு கணம் தூக்கிவாரிப் போட்டது. அடுத்த கணம் சிரிப்பு வந்துவிட்டது. வாந்தியை மட்டும் விட்டுவிட்டு, நிதானமாகச் சொன்னாள்.

"சரி, நோய் மறுபடி வந்துச்சுன்னா வேலையை யார் பார்க்கறது?"

"வந்தா உங்ககிட்டதான் முதல்ல சொல்வேன் சார். யாருக்கு வேணும்னாலும் வரும். வந்தா, கூட இருக்கறவங்க பார்த்துக்கத்தான் வேணும். நானும் மத்தவங்களுக்குப் பார்ப்பேன்."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கல்யாணம், குழந்தைன்னு ஏதாவது..."

"அது பாக்கெட் டிசைனுக்குத் தேவைப்படுமா சார்?"

மேனேஜருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் அதிகாரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

வெள்ளிக்கிழமை போன் வந்தது. வேலை கிடைத்துவிட்டது!

மறுநாள் பெரிய ஸ்ட்ராபெர்ரி கேக்கோடு மாடியேறினாள் தாசோம். சங்கமே எழுந்து நின்று கூச்சல் போட்டது. கியுசிக் இன்னும் வந்திருக்கவில்லை.

"எங்கக்கா அந்த மேனேஜர்? அவர்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்."

"வருவான். கீழே உனக்குப் பூ வாங்கிக்கிட்டிருக்கான்."

"எனக்கு ஒரே ஆச்சரியம்க்கா. மூணு கேள்வியும் அப்படியே வந்துச்சு, டி.வி. உள்பட. இவருக்கு எப்படித் தெரிஞ்சுது?"

கேக் வெட்டிக்கொண்டிருந்த யோன்வா கத்தியைக் கீழே வைத்தாள்.

"அன்னிக்கு நீ போனதும் அவனோட பெரிய சண்டை போட்டேன். அப்பத்தான் சொன்னான். அதுக்கு ரெண்டு நாள் முந்தி அவனும் அந்தக் கம்பெனிக்கு இன்டர்வியூ போயிருக்கான். மூணு கேள்விக்கும் வாயடைச்சுப் போய் உட்கார்ந்துட்டு வந்திருக்கான்."

"அப்படியா! வேற ஏதாவது வேலைக்கா?"

"இல்ல தாசோம், அதே வேலைக்குத்தான். உன்னை உட்கார வச்சுக் கேள்வி கேட்டானே, அன்னிக்கு அவனுக்கு இன்னும் முடிவு வரல."