நாய் திரும்பி வராத கதை

ஏழாம் வகுப்பில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள். அவர்களுக்கு முப்பத்தெட்டு ஏ.ஐ. எழுத்தாளர்கள். ஒவ்வொரு எழுத்தாளரும் ஒரே ஒரு பிள்ளைக்காக மட்டும் டேப்லெட்டில் கதை எழுதும்.

"பிடிச்ச எழுத்தாளரைப் பத்திப் புராஜெக்ட். 'ரொம்பப் பிடிக்கும்'னு பக்கத்தை நிரப்பாதீங்க. ஒரு கேள்வி கேட்டு, பதிலை எழுதிட்டு வாங்க" என்றார் எஸ்தர் டீச்சர்.

ஜெசிந்தாவுக்கு இடைவேளைவரை பொறுக்கவில்லை. "உங்க கதையில தொலைஞ்சுபோற நாயெல்லாம் எப்படித் தவறாம திரும்பி வந்துடுது?" என்று டேப்லெட்டில் தன் எழுத்தாளரிடம் கேட்டுவிட்டாள்.

திரையில் பதில் வந்தது. "உன் ஆறு வயசுல ஒரு பொண்ணும் அவ நாயும் வர்ற கதை எழுதினேன். நாய் செத்துப்போற பக்கத்துல நீ அழுதுட்டு மூடிட்டே. அதுக்கப்புறம் என் கதையில யாரையும் சாகவிட்டதில்லை."

ஜெசிந்தாவுக்குச் சுருக்கென்றது. ஆறு வருஷமாக அது தன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே.

"அந்த நாயை வளர்த்த பொண்ணு அப்புறம் என்ன பண்ணினா?"

"தெரியாது. நீ மூடினதும் நானும் நிறுத்திட்டேன்."

ஜெசிந்தா டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு புராஜெக்ட் நோட்டில் எழுதினாள்: 'நாய் செத்த மறுநாள் காலையிலும் அந்தச் சிறுமி பழக்கதோஷத்தில் அதன் கிண்ணத்தில் பாலை ஊற்றிவிட்டாள்.'