கார்டில் ஏறிய வயது

பெண்டாட்டி மூத்தவள் என்றால் ஊர் சிரிக்குமே என்று, ரேஷன் கார்டு எடுத்தபோது அஞ்சலாட்சியின் வயதில் ஏழு வருஷத்தைக் குறைத்துச் சொன்னவன் கன்னியப்பன்தான். இப்போது அவனுக்கு அறுபதாகி முதியோர் பென்ஷன் வருகிறது. அவனைவிட இரண்டு வயது மூத்த அவள், இன்னும் சித்தாளாகக் கலவைச் சட்டி சுமக்கிறாள்.

அவளுக்கும் கேட்டுப் பார்க்கலாமென்று போன இடத்தில் அலுவலர் கார்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அம்பத்தஞ்சுன்னு இருக்கு. பாத்தா இவரவிடப் பெரியவங்களாட்டம் இருக்கீங்களேம்மா? தப்பா ஏறியிருந்தா சொல்லுங்க, திருத்திக்கலாம்."

கன்னியப்பன் வாயைத் திறந்தான். வரிசையில் பின்னால் நின்றவன், "அக்கா தம்பியா?" என்று சிரித்தான். திறந்த வாயை மூடிக்கொண்டு கன்னியப்பன் செருப்பைப் பார்த்தான்.

அஞ்சலாட்சி அவனையே ஒரு கணம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெயில்ல கெடந்து இப்படி ஆயிட்டேன் சார். நான் சின்னவதான்."

வெளியே வந்ததும் சும்மாட்டுத் துணியை உதறினாள். "இப்ப போனா அரை நாள் வேலையாச்சும் கெடைக்கும். நீ வீட்டுக்குப் போய்யா, வெயிலு ஏறுது."